இராஜதுரையின் சாட்சிக் கடிதம்

தர்மிளா விழுந்தது மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், வடைத் தட்டோடு.

குற்றம் மாப்பிள்ளை கிருஷாந்துடையது. ஓல்னே-சூ-புவா என்ற பிரெஞ்சுப் புறநகரில் இருந்த அந்த வரவேற்பறையில் பெண்ணின் தகப்பனார் இராஜதுரை தம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லா சப்பலில் பலசரக்குக் கடை, ஊர்க்காரர் சங்கமான ஊர் ஒன்றியத்தின் நிரந்தரத் தலைவர் பதவி, எல்லாவற்றுக்கும் மேலாக விலாசம் இல்லாத அகதிகளுக்கு விலாசம் கொடுத்த புண்ணியம்.

"எத்தினை பேருக்கு அத்தெஸ்தாசியோன் எழுதிக் குடுத்திருப்பன்! 'இவர் என்ர வீட்டிலைதான் இருக்கிறார், நான் சாட்சி' எண்டு."

"ஓம் அங்கிள். என்ர மச்சானும் இஞ்சைதான் இருக்கிறதா நீங்கள் எழுதின பேப்பரிலை கிடக்கு," என்றான் கிருஷாந்த். "அவருக்கு எந்த அறை? வந்தது வந்திட்டன், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போறன்."

தர்மிளா சிரித்துவிட்டாள். சிரித்த கணமே முழங்கால்கள் மடங்கின. வடைகள் கம்பளத்தில் உருண்டன. அவற்றுக்கு நடுவே அவளும் சரிந்தாள்.

கண் மூடியிருந்ததே தவிர காது திறந்திருந்தது. அவள் வருத்தத்தின், அதாவது நோயின், குணம் அப்படி. பகலில் நினைத்த நேரம் தூக்கம் வந்து அமுக்கும். வாய்விட்டுச் சிரித்தால் உடம்பு கழன்று விழும். நினைவு மட்டும் போகாது. தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.

"விரதம்," என்றார் இராஜதுரை.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணை," என்றாள் மாப்பிள்ளையின் தாய் தவமலர்.

"ஞாயிறும் பிடிக்கிறவள். அவ்வளவு பக்தி."

தாய் பூரணி வடைகளைப் பொறுக்கினாள். மகளைத் தூக்குவதைவிட வடையைப் பொறுக்குவது சந்தேகத்தைக் குறைக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் தர்மிளாவுக்குக் குரல் திரும்பியது. கம்பளத்தில் இருந்தபடியே சொன்னாள்: "விரதமில்லை அன்ரி. வருத்தம். சின்னனிலை போட்ட ஊசியாலை வந்தது. அரசாங்கம் நட்டஈடு குடுக்குது. அப்பா ஒரு கடிதம் எழுதித் தந்தால் எனக்கும் கிடைக்கும்."

"பிள்ளை!" என்று இராஜதுரை போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து ஸ்தேனில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். 2009 குளிர்காலத்தில் பன்றிக்காய்ச்சல் ஊசிக்காக வரிசையில் நின்றவர்கள் ஏராளம். ஏறக்குறைய எல்லாரும் சட்டைக் கையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மிகச் சிலரை மட்டும் இந்தத் தூக்க நோய் பிடித்தது. அந்த மிகச் சிலரில் பதின்மூன்று வயதுத் தர்மிளாவும் ஒருத்தி. ஊசியைப் போடச் சொன்ன அரசாங்கம், அதனால் வந்த பாதிப்புக்குத் தானே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டது. இராஜதுரைதான் ஒப்புக்கொள்ளவில்லை.

பெண் பிள்ளைக்கு வருத்தம் என்று வெளியில் தெரியலாமா? முதல் இரண்டு வருடம் வைத்தியரிடம் காட்டாமல் கோயிலில் நூல் கட்டினார். ஆகவே நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லை. இப்போது நட்டஈட்டுக் காரியாலயம் கேட்பது அதைத்தான்: அந்தக் குளிர்காலத்தில் பிள்ளையைக் கண்ணால் கண்டவர்கள் எழுதித் தர வேண்டும். கண்டவர்கள் வீட்டில் இருவர். பூரணிக்குக் கணவர் கையெழுத்துப் போடாத இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

தூங்கி விழுந்ததால் தர்மிளாவுக்கு இரண்டு கடைகளில் வேலை போயிருந்தது. படிப்பும் பாதியில் நின்றது. அந்தப் பணம் வந்தால் பகலில் துணைக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு மறுபடி வகுப்புக்குப் போகலாம். அவள் கேட்டது ஒரு பக்கக் கடிதம். இராஜதுரையின் வீட்டில் வசிப்பதாக அவரே சாட்சி எழுதிய ஆட்கள் எல்லாரும் ஒருநாள் மெய்யாகவே வந்தால் படுக்க இன்னும் மூன்று மாடி கட்ட வேண்டும். அத்தனை பொய்க்கும் சளைக்காத கை, இந்த ஒரு உண்மைக்கு மட்டும் வர மறுத்தது.

"எழுத்திலை போட்டால் அழியாது," என்பார். "பிறகு உன்னை ஆர் கட்டுவான்?"

அன்று மாலையே தொலைபேசி அடித்தது. தவமலர்.

"அண்ணை, பிள்ளை இப்ப எப்பிடி? பாவம், நெஞ்சுக்குள்ளையே நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த நட்டஈடு எண்டது ஒருக்காத் தாறதோ, மாசா மாசமோ?"

இராஜதுரை போனை வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

கடிதம் ஊர் ஒன்றியத்தின் முத்திரையோடு தயாரானது. தர்மிளா அதை வாங்கிப் படித்தாள். ஊசி போட்டு வந்த மறுமாதம் கரண்டி வாயில் இருக்க அவள் தூங்கியது. தைப்பொங்கலன்று அம்மா சொன்ன பகிடிக்குச் சிரித்துக் குளியலறை வாசலில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அப்பா," என்றாள்.

"அனுபவம்," என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு தவமலர் மறுபடி வந்தாள், பழத்தட்டோடு. கிருஷாந்த் தொலைபேசியைப் பார்த்தபடி அருகில் உட்கார்ந்தான்.

"வருத்தம் ஆருக்குத்தான் இல்லை? எனக்கும் பிறஷர் இருக்கு," என்று தொடங்கினாள். "நாங்கள் சீதனம் கேக்கிற ஆக்கள் இல்லை அண்ணை. ஆனா அரசாங்கம் விரும்பிக் குடுக்கிறதை வேண்டாமெண்டு சொல்ல நாங்கள் ஆர்? பிள்ளை நித்திரை கொள்ளுற பிள்ளை. பாங்க் அலுவல் அவளுக்குக் கஷ்டம். காசு கிருஷாந்தின்ர பேரிலை வந்தால் நல்லம்."

"அதுவும் ஒரு கடிதம்தானே, எழுதினால் போச்சு," என்றார் இராஜதுரை.

"உங்கட சாட்சிக் கடிதத்தை வெள்ளிக்கிழமையே பதிவுத் தபாலிலை போட்டிட்டன்," என்றாள் தர்மிளா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம்.

"காசு வந்தால் என்ர பேரிலைதான் வரும் அன்ரி. இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம்."

"என்னடி கதைக்கிறாய்?" என்று பூரணி பதறினாள். "இனி ஆர் வருவினம்?"

"ஆரும் வரத் தேவையில்லை அம்மா. ஆனா ஒரு வேலை இருக்கு." தர்மிளா தவமலரின் பக்கம் திரும்பினாள். "என்னோடை வகுப்புக்கு வரோணும். நித்திரை கொண்டால் எழுப்பி விடோணும். விழுந்தால் பிடிக்கோணும். மணித்தியாலச் சம்பளம். சீதனம் இல்லை. உங்கட மகனுக்கு விருப்பமெண்டால் சொல்லுங்கோ."

கிருஷாந்தின் காதுகள் சிவந்தன. "அம்மா, எழும்புங்கோ, போவம்," என்று எழுந்து சப்பாத்தைத் தேடினான். இராஜதுரை, ஒன்றியத்தின் கூட்டத்தில் கணக்குக் கேட்கப்பட்டவரைப்போல, கூரையைப் பார்த்தார்.

தவமலர் மட்டும் எழவில்லை.

"ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் கூட்டித் தருவியோ, பிள்ளை?"