மேலே இருந்த தாள்

கைபேசி அடித்தபோது இருமல் மருந்துப் பெட்டிகளின் காலாவதித் தேதிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை, காலை பத்து இருபது. எங்கள் மருந்துக் கிடங்கில் அந்த நேரத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பதினொரு மணிக்கு மூன்று வண்டிகள் கிளம்பியாக வேண்டும். எந்தப் பெட்டி எந்த மருத்துவமனைக்கு என்று கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். பதினொரு வருடங்களில் ஒரு பெட்டிகூட இடம் மாறிப் போனதில்லை. என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

"சார், காலேஜ் ஆபீஸ்லேருந்து பேசறேன்" என்றார் துறை அலுவலகத்தின் தட்டச்சர். "சனிக்கிழம நீங்க குடுத்த கவர இப்பதான் பிரிச்சேன். மேல 'மாணவர் கருத்து'ன்னு உங்க கையெழுத்துல எழுதியிருக்கு. உள்ள பாத்தா ஏதோ பிஸ்கட் கம்பெனி, வெலயக் கொறைக்கலாமா வேணாமான்னு பக்கம் பக்கமா இருக்கு. இதையா நான் டைப் அடிக்கணும்?"

எனக்கு உடனே புரிந்தது. புரிந்த பிறகும் கையிலிருந்த பட்டியலில் இரண்டு பெட்டிகளுக்கு எதிரே குறி போட்டேன். மூன்றாவது பெட்டியின் தேதி கண்ணுக்குத் தெரியவில்லை.

வேலை பார்க்கிறவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு அது. முப்பத்திரண்டு பேர். கடைசி வருடத்தில் வணிக உத்தி என்று ஒரு பாடம். அதை நடத்துகிற பேராசிரியைக்கு 'அப்புறம் மேடம்' என்று பெயர். யார் என்ன பதில் சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்து "அப்புறம்?" என்பார். அதற்கொரு பதில் சொன்னால் மறுபடியும் "அப்புறம்?" மூன்றாவது கேள்விக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிடும். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. வாரம் ஒரு நிறுவனத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம், கையால் எழுதித் தர வேண்டும். தட்டச்சு செய்தால் யோசிப்பதற்கு முன்பே பக்கம் நிறைந்துவிடும் என்பார். அந்தப் பக்கங்களை வாசித்து வாசித்து எங்கள் முப்பத்திரண்டு பேரின் கையெழுத்தும் அவருக்கு மனப்பாடம். யாராவது பெயர் எழுத மறந்தால் அவரே எழுதிக்கொள்வார்.

பாடம் முடிகிற நாளில் மாணவர்கள் ஆசிரியரைப் பற்றிக் கருத்து எழுத வேண்டும். அவர் வெளியே போய்விடுவார். வகுப்புத் தலைவர் தாள்களை உறையிலிட்டு ஒட்டி அலுவலகத்தில் தருவார். தட்டச்சர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்த பிறகுதான் அது பேராசிரியையிடம் போகும். யாருடைய கையெழுத்தும் தெரியக் கூடாது என்பதற்காக. இந்த வருடத் தலைவர் நான். போன வருடம் இதே பாடத்தில் தோற்று மறுபடியும் உட்கார்ந்தவன் என்பதால், அனுபவசாலி என்று கேலியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிடங்குப் பழக்கத்தில் இரண்டு உறைகளின் மேலும் முன்கூட்டியே விலாசம் எழுதி வைத்திருந்தேன். ஒன்று அலுவலகத்துக்கு. இன்னொன்று கடைசி வாரப் பக்கங்களுக்கு, பேராசிரியையின் அறைக் கதவில் இருக்கும் பெட்டிக்கு. உறை சரி, விலாசம் சரி, உள்ளே வைத்ததுதான் மாறிவிட்டது. கருத்துத் தாள்கள் எங்கள் கையெழுத்தோடு பேராசிரியையின் பெட்டிக்கே போய்விட்டன. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் அப்படிச் சிரிப்பு. எழுதியதை ஒவ்வொருவராக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேளுங்க, கேளுங்க" என்று காப்பீட்டு முகவர் எழுந்து நின்றார். வகுப்பிலேயே வயதானவர், எல்லோருக்கும் அவர் மாமா. "'இவங்க வகுப்புக்கு வந்ததுலேருந்து என் வாய் அடங்கிடுச்சு. வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. நன்றி.'"

"அது பாராட்டா, புகாரா மாமா?"

"எங்க வீட்டம்மாகிட்ட கேக்கணும்."

சிஸ்டர் அடுத்துப் படித்தார். அரசு மருத்துவமனையில் செவிலியர். வார்டு கண்காணிப்பாளர் பதவிக்கு இந்தப் பட்டம் வேண்டும். இரவுப் பணி முடித்து அப்படியே வந்து முதல் வரிசையில் உட்காருவார். "'இந்த அம்மாவ ஒரு நாள் எங்க வார்டுல நிக்க வையுங்க. நெஞ்சு வலின்னு வர்றவங்ககிட்ட அப்புறம், அப்புறம்னு கேட்டுப் பாக்கட்டும். கேட்டு முடிக்கிறதுக்குள்ள பேஷண்ட் போய்ச் சேந்துடுவாரு.'"

மேசைகளைத் தட்டினார்கள். நல்லவிதமாக எழுதியவர்களும் இருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பெண், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியை மூன்று நாள் தூக்கிக்கொண்டு திரிந்ததாக எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது யாரும் தட்டவில்லை. நான் என்னுடையதைப் படித்துக் காட்டவில்லை. எல்லாத் தாள்களையும் வாங்கி அடுக்கி, என்னுடையதை மேலே வைத்தேன்.

திங்கட்கிழமை, கிடங்கை அப்படியே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு சிஸ்டரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, வெளையாடாதீங்க."

"இல்ல சிஸ்டர்."

"எங்க ஆஸ்பத்திரிக்கு மருந்து அனுப்பறவரு நீங்க. ஒரு நாளாவது கண்ணு மருந்து காது வார்டுக்கு வந்திருக்கா? போயும் போயும் இதுலயா தம்பி?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க இன்னும் மார்க் போடலையே. என் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். பாத்த உடனே தெரிஞ்சிடும். எனக்கு இது போச்சுன்னா இன்னொரு வருஷம் முடியாது தம்பி. முட்டி தேஞ்சு போச்சு. எப்படியாவது எடுத்துட்டு வந்துடுங்க."

"எப்படி எடுக்கறது?"

"கேட்டு எடுங்க. கேக்காமயாவது எடுங்க."

கல்லூரிக்கு நாற்பது நிமிடம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நான் என்ன எழுதினேன் என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். மற்றவர்கள் கிண்டல் செய்திருந்தார்கள். கிண்டலை யாரும் மன்னித்துவிடலாம். நான் எழுதியது இரண்டே வரி: 'இவருக்கு விடை முக்கியம். விடை சொல்கிறவன் முக்கியமில்லை.'

போன வருடம் எங்கள் கிடங்கைப் பற்றியே ஒரு திட்டம் எழுதிக்கொண்டு போனேன். பெட்டிகளைச் சரிபார்க்க ஓர் இயந்திரம் வைத்தால் நேரம் பாதியாகும் என்று. பெருமையாகத்தான் சொன்னேன். "அப்புறம்?" வண்டிகள் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பும். "அப்புறம்?" இன்னும் நான்கு மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். "அப்புறம்?" தவறு குறையும். "அப்புறம்?" சரிபார்க்க ஆள் தேவைப்படாது. "அந்த ஆள் யாரு?" நான் நின்றுகொண்டிருந்தேன். "நான்தான் மேடம்" என்றேன். வகுப்பு சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள் நான் போகவில்லை. தேர்வுத் தாளிலும் பாதியை வெற்றாக விட்டேன். தோற்கடித்தது அவர் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மனைவி நம்பினாள். சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன். மறுபடி தோற்றால் விதிப்படி மூன்றாவது வாய்ப்பு கிடையாது; ஆறு வருடச் சனிக்கிழமைகளும் தண்ணீரில் எழுதியதாகிவிடும்.

மாடியில் அவருடைய அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. மின்விசிறி ஓடியது. மேசைமேல் என் உறை. அதன் வாய் கிழிந்திருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கூடு, மூடி திறந்த பேனா. நடைவழியில் இரண்டு பக்கமும் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து வாங்கி வந்த இன்னொரு உறை என் பையில் இருந்தது. எடுத்து மாற்றி வைக்கப் பத்து விநாடி போதும். உள்ளே போனேன். உறையின் மேல் கை வைத்தேன்.

"உக்காருங்க."

பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர்க் குப்பி. நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கையை எடுக்க மறந்துவிட்டேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, குப்பியை மூடி, என்னைப் பார்த்தார்.

"கவர் மாறிடுச்சு மேடம்."

"அப்புறம்?"

"ஆபீஸ்லேருந்து ஃபோன் வந்துச்சு. அதான் வந்தேன்."

"அப்புறம்?"

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. இந்த ஒரு சொல்லை எத்தனை இரவுகள் வெறுத்திருக்கிறேன். இப்போது அதற்கு முன்னால் நின்றபோது, உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாமே அதிக வேலையாகத் தோன்றியது.

"உங்ககிட்ட சொல்றதுக்கு வரல மேடம். நீங்க இல்லன்னதும் எடுத்துட்டுப் போயிடலாம்னு கைய வெச்சேன். நீங்க ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா நான் இங்க இருந்திருக்க மாட்டேன்."

அவர் தலையசைத்தார். கோபமா என்று தெரியவில்லை. "கடைசிப் பக்கங்கள்னு நெனச்சுப் பிரிச்சேன். மேல இருந்த ஒரு தாளப் படிச்சேன். ரெண்டு வரி. என்னன்னு தெரிஞ்சதும் உள்ள வெச்சுட்டேன். அடியில இருக்கறத எதையும் பாக்கல."

முப்பத்தொரு பேர் தப்பித்தார்கள். சிஸ்டர் தப்பித்தார். அந்தக் கணத்தில் எனக்கு வந்த நிம்மதி நியாயமாக என்னுடையது இல்லை, என்றாலும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் இருந்திருக்கலாம். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை.

"மேல இருந்தது என்னோடது மேடம்."

"தெரியும்."

கீழே யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்து அதன் மூடியைத் தேடி மூடினார்.

"மார்க்க வெள்ளிக்கிழமையே குடுத்தாச்சு" என்றார். "கருத்து எழுதறதுக்கு முந்தின நாள் குடுத்துடறதுதான் என் வழக்கம். நாளைக்கு யாரும் என்னப் பாத்தும் பயப்படக் கூடாது, நானும் யாரப் பாத்தும் கோவப்படக் கூடாதுன்னு."

"அப்ப கடைசிப் பக்கத்துக்கு?"

"அதுக்கு மார்க் கெடையாது. முதல் நாள் குடுத்த தாள்ல பின்பக்கம் இருக்கு. எட்டு வருஷமா குடுக்கறேன், ஒருத்தர்கூடத் திருப்பிப் பாத்ததில்ல. வணிக உத்தி படிக்க வர்றவங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த பிஸ்கட் நிறுவனத்துக்காக மாமா மூன்று கடைகளுக்கு நேரில் போய் விசாரித்திருந்தார். சிரித்த பிறகு பயந்து நிறுத்தினேன். அவரும் சிரிக்கிறாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நாலாவது கேள்வியோட நான் நிறுத்தியிருக்கணும்" என்றார், துடைத்தபடியே. "ஆள் தேவைப்படாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதுக்கு மேல பாடத்துக்கு எதுவும் தேவைப்படல. அந்த ஆள் யாருன்னு கேட்டது பாடத்துக்காக இல்ல. கேள்வி வேகத்துல ஓடிட்டிருந்தேன், நிக்கத் தெரியல. அன்னிக்கே தெரிஞ்சது. அடுத்த வாரம் சொல்லலாம்னு பாத்தேன். நீங்க வரல."

நான் வராத நான்கு சனிக்கிழமைகளை நினைத்தேன். அவற்றில் ஒன்றில் இந்த வாக்கியம் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. "பரவால்ல மேடம்" என்று சொல்ல வாய் எடுத்தேன். அது உண்மையில்லை என்பதால் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்று தோன்றியது.

உறையை என் பக்கம் தள்ளினார். "இதுலேருந்து உங்க தாள மட்டும் உருவிடாதீங்க. டைப் ஆகி மத்ததோட வரட்டும்."

மற்ற உறையை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அலுவலகத்தில் தட்டச்சர் கிழிந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல ஆளுய்யா நீங்க. நான் ஃபோன் பண்ணலன்னா பிஸ்கட்டையே டைப் அடிச்சு அந்தம்மாகிட்ட குடுத்திருப்பேன்." பிறகு குரலை இறக்கினார். "மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? லிஸ்ட் வெள்ளிக்கிழமையே என் கைக்கு வந்தாச்சு. நான் சொல்லக் கூடாது. சொல்லவும் இல்ல. ஆனா இந்த வருஷம் அவங்களுக்குச் சிவப்பு மை செலவே இல்ல."

"யாருக்குமேயா?"

"நான்தான் சொல்லலன்னு சொல்றேன்ல?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உறையிலிருந்து முதல் தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, உதடு அசையப் படித்து, விசைப்பலகையில் அடிக்கத் தொடங்கினார். என் இரண்டு வரி எட்டு விநாடியில் முடிந்துவிட்டது. திரையில் அது வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வரி வேண்டியிருந்தது. என்ன வரி என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் அடுத்த தாளை எடுத்துவிட்டார். "இது என்ன எழுத்து, கோழி கிளறுன மாதிரி?" என்று கண்ணைச் சுருக்கினார்.

வாசல் மரத்தடியில் நின்று சிஸ்டரை அழைத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்தார். "படிக்கல சிஸ்டர். உங்களோடத பாக்கவே இல்ல. மார்க்கும் வெள்ளிக்கிழமையே போட்டாச்சு. எல்லாரும் பாஸ்." ஒரே மூச்சில் சொன்னேன்.

"அந்த அம்மாவப் பத்தி அப்படி எழுதியிருக்க வேணாம் தம்பி" என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இருங்க, வரேன்" என்று சொல்லிக் கைபேசியை அப்படியே சீருடைப் பையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். துணி உரசியது. தள்ளுவண்டியின் சக்கரம் உருண்டது. ஒரு கிழவர் எதற்கோ வலிக்கிறது, வலிக்கிறது என்றார். "எங்க வலிக்குது?" என்றார் சிஸ்டர். கிழவர் ஏதோ முனகினார். "சரி. அவசரமில்ல. மெதுவாச் சொல்லுங்க, நான் இங்கதான் நிக்கறேன்."

கிடங்கில் மூன்று வண்டிகளும் என் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருக்கும். நான் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். கிழவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.