கூப்பிடு தூரம்

“அண்ணே, காலை ஷிப்டுக்கு ஆள் எடுத்தாச்சாமே?” என்று நெட்டையன் வந்து நின்றபோது சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை மேஜையில் வைத்தார்.

அட்டைப்பெட்டிக் கம்பெனி அது. வெட்டும் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. முன்பெல்லாம் அவர் ஒவ்வொரு மெஷினாக நடந்துபோய், தோளைத் தொட்டுத்தான் எதையும் சொல்வார். பதவியும் கண்ணாடி அறையும் வந்தபிறகு, அறை வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு ஒன்றை மாட்ட வைத்தார். இரண்டு தரம் அணைந்து எரிந்தால் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு வரவேண்டும். “வீட்லயும் ஒண்ணு மாட்டிடுங்க, சாப்பிடக் கூப்பிட எனக்கும் சௌகரியம்” என்று மனைவி கிண்டல் செய்ததை அவர் ரசிக்கவில்லை.

லாரியிலிருந்து சரக்கிறக்க இடம் போதவில்லை என்று போன மாதம் நெட்டையன் ஓட்டும் கடைசி மெஷினைத் திருப்பிப் போடச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து அவனுக்கு விளக்கு முதுகுப்புறம்.

நேற்று காலை ஷிப்டுக்கு ஆள் எடுக்க விளக்கைப் போட்டதும் மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். நெட்டையனின் முதுகு மட்டும் அங்கேயே குனிந்திருந்தது. அவர் பார்க்கத்தான் செய்தார். சாயங்காலம் பெண்டாட்டி வேலைக்குப் போய்விடுகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போகிறார்கள், அதனால் காலை ஷிப்டு வேண்டும் என்று அவன் சொல்லிவைத்ததும் நினைவிலிருந்தது. நாலு எட்டு வைத்தால் தோளைத் தொட்டிருக்கலாம். யாராவது சொல்லிவிடுவார்கள் என்று உட்கார்ந்துவிட்டார். அதே இடத்துக்குப் போட்டி போடுகிறவன் எவன் போய்ச் சொல்வான்? இது விளங்காமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினார்?

“லைட்டு போட்டேனே, பாக்கலையா நீ?” வாய் முந்திக்கொண்டது.

நெட்டையன் விளக்கை அண்ணாந்து பார்த்தான். “எம்மேலதான் தப்புண்ணே. அப்பப்ப திரும்பிப் பாத்திருக்கணும்.”

“மெஷின் அப்படித் திரும்பியிருக்குன்னு...” என்று தொடங்கியவர் மீதியை முழுங்கிவிட்டு, “அடுத்த தரம் பாத்துக்கலாம்” என்றார்.

“சரிண்ணே. அதுவரைக்கும் அவ வேலைய விட்டுற வேண்டியதுதான்.”

நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நெட்டையன் அட்டையைக் கத்திக்கு அடியில் தள்ளினான். கழுத்தை வளைத்து விளக்கைப் பார்த்தான். அடுத்த அட்டை, மறுபடியும் விளக்கு. பிறகு கை அதுபாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்க, கண் விளக்கிலேயே நின்றது.

கத்திக்குப் பக்கத்தில் போகும் அந்தக் கையைச் சூப்பர்வைசர் பார்த்தார். பழக்கத்தில் சுவிட்சுக்குப் போன கையை உதறி இழுத்துக்கொண்டு, நாற்காலி பின்னால் சாய எழுந்தார். கண்ணாடிக்குள் அவர் எழுந்ததை நெட்டையன் பார்த்துவிட்டான். உடம்பை முழுசாகத் திருப்பி, ‘கூப்பிட்டீங்களா?’ என்று புருவத்தை உயர்த்தினான்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்க, அவன் கை இன்னும் அட்டையின் மேலேயே இருந்தது.