கூட்டிப் போட்ட நாலு

பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கான கட்டத்தில் உண்மையைத்தான் போட்டாள். நுழைவுத் தேர்வுக்கான கட்டம் வந்ததும் கை தானாகவே நாலு கூட்டிப் போட்டது. சும்மா பார்க்கத்தான். சட்டக் கல்லூரியில் முழு உதவித்தொகை கிடைக்குமா என்று இரண்டு எண்களை வைத்தே சொல்லிவிடும் அந்தக் கைபேசிப் பக்கம், யோசிப்பதுபோல் கொஞ்சம் பாசாங்கு செய்துவிட்டுப் பச்சைப் பட்டையை நீட்டியது: 'நல்ல வாய்ப்பு.' காலையில் உண்மையான எண்ணுக்கு ஒரு சிவப்புத் துண்டைத்தான் காட்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர் வேலை. யார் யாரோ வாதாடுவதை ஒரு வார்த்தை சிந்தாமல் எழுதுபவள். கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வக்கீல் உட்காரும்போது அவளுக்கு நாக்கு துடிக்கும். எழுந்து நின்று, தன் குரலில், அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். வயதானால் அடங்கிவிடும் என்று நினைத்த ஆசை, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. உதவித்தொகை இல்லாமல் அது நடக்காது.

காய்கறிப் பையோடு வந்த கணவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுபவன், எதிலும் அவசரம்.

"அடேங்கப்பா! வக்கீலம்மா, இத ஏன் சொல்லல? இரு, அக்காவுக்குப் போன் போடுறேன். இந்த வயசுல படிப்பு எதுக்குன்னு கேட்டாளே!"

"ஐயோ, போடாதீங்க. அது என் மார்க் இல்ல."

அழித்து உண்மையானதைப் போட்டாள். பச்சை சுருங்கிச் சிவந்தது. அவன் காதிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது.

"நாலு மார்க்தானே, எங்க விட்ட?"

"கடைசிப் பகுதியத் தொடவே நேரமில்லங்க. கேள்வித்தாள் பத்தியில எல்லாரும் வேண்டிய வரிய மட்டும் மேய்ஞ்சுட்டுப் போறாங்க. எனக்கு ஒரு வார்த்தைய விட்டுட்டுப் போக மனசு வரல. இத்தன வருஷப் பழக்கம்..."

"வழியில இருக்குற போர்டையெல்லாம் நான் படிச்சுக்கிட்டே வண்டி ஓட்டினா என்னாகும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"மறுபடி எழுத விடுவாங்களா?"

"அடுத்த மாசம். அதான் கடைசி."

அவன் கைபேசியை வாங்கி, தடித்த விரலால் தப்பும் தவறுமாகத் தட்டி, அந்த நாலைத் திரும்பக் கூட்டினான். பச்சை நீண்டது. உப்பு ஜாடியில் அதைச் சாய்த்து நிறுத்திவிட்டு வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

அவள் நறுக்கத் தொடங்கினாள். திரை மங்கும்போதெல்லாம், ஈரம் படாத சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு அதை எழுப்பிக்கொண்டே இருந்தாள்.