நீளக் காது

பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் பெரிதாக்கி ஃப்ரேம் போட்ட ஜீவனின் படத்தோடு வெளியே வந்தாள் சந்திரகலா. கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் அதே மேசை, அதே முகலட்சண ஜோசியர்.

"உக்காருங்க அக்கா. யாரு படம்?"

"வீட்டுக்காரர்." மறுக்கவும் அலுப்பாக இருந்தது, நீட்டினாள்.

"அடேயப்பா, காது எவ்வளவு நீளம்! ஆயுசு கெட்டி லா. எண்பதத் தாண்டுவாரு."

பெண் பார்த்துப் போனதும் அம்மா இவரிடம்தான் மாப்பிள்ளை படத்தைக் காட்டினாள்; அன்றும் இதே காது, இதே எண்பது. அதைக் கேட்டுத்தான் அம்மா சம்மதித்தாள்.

கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு பக்கத்துப் பூக்கடைக்குப் போனாள்.

"இந்தப் படத்துக்கு அளவா ஒரு மாலை குடுங்கண்ணே."

"சாமி படமா அக்கா?"

"இல்ல. என் வீட்டுக்காரர்."

ஜோசியருக்குக் கேட்டிருக்கும். அவர் அடுத்த ஆளின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.