பார்வையாளர் நாற்காலி

பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டுப் பத்திரங்களும் வாடகை ஒப்பந்தங்களும் எழுதி அலுத்துப்போன அந்த வக்கீல், வேலை குறித்து ஆலோசனை சொல்பவரைத் தேடிப்போனாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஆலோசகரும் ஒருகாலத்தில் கறுப்பு அங்கி போட்டவர்தான்.

"வேலைய விட்டுடலாமா சார்?"

"அதை அப்புறம் பாக்கலாம். கடைசியா எப்பம்மா மணி பாக்க மறந்தீங்க?"

ஒரே ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. இறந்துபோன தங்கள் அம்மாவின் வீட்டைப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட வந்த ஓர் அக்காவும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் பத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததைத் தம்பி தன்னிடம் சொல்லவே இல்லை என்று அக்கா வெடித்தாள். "நீ தாங்கமாட்டேன்னுதான்க்கா சொல்லல" என்றான் தம்பி. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. கிளம்பும்போது இருவரும் ஒரே குடையில் போனார்கள்.

"சீனியர் பிடிபிடின்னு பிடிச்சிட்டார் சார். நாம பத்திரம் எழுதுறவங்க, பஞ்சாயத்து பண்றவங்க இல்லன்னார்."

ஆலோசகர் சிரித்தார். "பஞ்சாயத்துக்குன்னே கோர்ட்டுக்குப் பின்னாடி சமரச மையம் இருக்கே! வேலைய விடாதீங்க. முதல்ல அங்க போய் உக்காந்து பாருங்க."

புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுப் போனாள். சுவரோரம் பார்வையாளர் நாற்காலி. வாய் திறக்கக் கூடாது. பிரிந்து வாழும் கணவனும் மனைவியும், குழந்தை யாரிடம் எந்த நாள் இருப்பது என்று பேச வந்திருந்தார்கள். "எப்படியோ பண்ணிக்க" என்ற கணவனின் குரல் உடைந்தது. சமரசம் செய்பவர் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. இவள் கவனித்தாள். 'பாப்பா இல்லாத நாள்ல வீட்டுல என்ன பண்றீங்க?' தொண்டை வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டாள். பேச்சு முறிந்து இருவரும் எழுந்து போனார்கள்.

அன்றே, சமரசம் செய்பவராவதற்கான பயிற்சிக்கு அங்கேயே மனு கொடுத்தாள்.

"இடமெல்லாம் நிரம்பிடுச்சு மேடம். அடுத்த வருஷம்தான்" என்றார் எழுத்தர்.

இரவுச் சாப்பாட்டின்போது தன் கணவனிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா தொங்கிப்போற உன் மூஞ்சிய பன்னெண்டு வருஷமா பாக்கறேன். இன்னும் ஒரு வருஷம் பாத்துக்கறேன், விடு" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

இப்போதும் ஒப்பந்தம்தான் எழுதுகிறாள். புதன்கிழமை மட்டும், பார்வையாளர் நாற்காலியில் உட்காரப் போகும்போது, சமரச மையத்துக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே எழுந்து பேருந்தின் கதவருகே போய் நின்றுவிடுகிறாள்.