தோங் வாசலில் கஷாயச் சக்கை

காய்ச்சிய மருந்தின் சக்கையை நடுத்தெருவில் கொட்டுவதுதான் லின்கோ ஊர் வழக்கம். போகிறவர் வருகிறவர் மிதிக்க மிதிக்க நோய் கரைந்து போகும். அதையே ஒருவன் வாசலில் கொட்டினால் நோய் அவனைப் பிடிக்கும். ருய்லான் சந்தை நாள் காலையில் சட்டியோடு நேராகப் போய், மருந்துக்கடை தோங்கின் வெள்ளைக் கல் படியில் கவிழ்த்தாள். தெரிந்தேதான் கவிழ்த்தாள்.

அவள் புருஷன் ஷோவ்யி முடிவெட்டுகிறவர். விழித்திரை நோய் வந்து, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஷுவே வைத்தியர் நாடி பார்த்து, "மிச்சத்தையாவது காப்பாத்தலாம்" என்று சிவப்புக் கோஜிப் பழம், சாமந்திப் பூ, வௌவால் எச்சம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். தோங் கடையில் வாங்கி வேளை தவறாமல் காய்ச்சிக் கொடுத்தாள். வசந்தத் திருவிழாவன்று அவருக்கு அவள் முகமே தெரியவில்லை.

அதன்பிறகுதான் ஒருநாள் சட்டி கழுவும்போது அடியில் நறநறவென்றது. வௌவால் எச்சமா அது? ஆற்று மணல். கேட்கப் போனால் தோங் சிரித்தான். "உன் புருஷன் விதிக்கு நான் என்ன அக்கா பண்ணுவேன்?" அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

சந்தை நாள் வரட்டும் என்று காத்திருந்துதான் கொட்டினாள். சக்கையைத் தொட்டால் நோய் ஒட்டும் என்று நடுங்குகிற ஆள் தோங், துடைப்பத்தை எடுக்கமாட்டான். அப்படியேதான் ஆயிற்று. வெயில் ஏறியது. பழத்தில் ஏற்றியிருந்த சாயம் கசிந்து வெள்ளைக் கல் சிவந்தது. மணல் காய்ந்து மினுங்கியது. படியைத் தாண்ட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

சந்தைக்கு வந்த ஷுவே வைத்தியர் குனிந்து சக்கையைக் கிளறினார். "இது நான் ஷோவ்யிக்கு எழுதினதாச்சே! மணலையும் சாயத்தையும் யாருய்யா போட்டது?"

கூட்டம் கூடிவிட்டது. தோங் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். "மணல்தானே ஐயா, அது யாருக்கு என்ன கேடு பண்ணிடும்?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ருய்லான் காத்திருந்தாள். கைக்கூடையிலிருந்து கஷாயக் கிண்ணத்தை எடுத்தாள். "கேடு பண்ணாதுல்ல? அப்ப குடி. அடிமண்டியெல்லாம் உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்."

"அக்கா, வேணாம் அக்கா..."

"குடிடா!" என்றது ஊர்.

குடித்தான். ருய்லானுக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்?

அவளோடு வந்து எதிர்க்கடைத் தூணைப் பிடித்தபடி நின்ற ஷோவ்யி கேட்டார்: "குடிச்சானா?"

"குடிச்சிட்டான்."

"மூஞ்சி எப்படிப் போச்சு?"

"பல்லெல்லாம் மணல். கண்ணு பிதுங்கி அழுவுறான்."

"இன்னும் நல்லா சொல்லும்மா. எனக்குத் தெரியலையே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அவளுக்குக் குரல் உடைந்தது.