வியாழக்கிழமைத் தாழ்ப்பாள்

பல் ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், எச்சில் இழுக்கிற வேலை என்பேன். கேட்டவர் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் அதுதான் உண்மை. டாக்டரம்மா பல்லைக் குடைவார். நான் பக்கத்தில் நின்று குழாயை வைத்து எச்சிலை உறிஞ்சி எடுப்பேன். நாள் முழுக்க நின்றபடியேதான். வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்தால், அங்கே என்னைக் கூப்பிட இரண்டு பேர்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தன் சாவியால் கதவைத் திறந்து, ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, "ஏய், எங்க இருக்க?" என்று குரல் கொடுப்பார். வீட்டில் இருப்பதே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். எங்கே போய்விடப் போகிறேன்? மகள் இன்னும் ஒரு படி மேலே. குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டு கணக்கில் சந்தேகம் கேட்பாள். இரண்டு பேரும் தங்கமான ஆட்கள். சிக்கலே அதில்தான்.

நாலு மாதத்துக்கு முன், டாக்டரம்மா கல்லூரியில் பாடம் எடுக்கப் போவதால் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரி கிடையாது என்றார். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை எனக்கு ஓய்வு. அவர் வேலையிலும் மகள் பள்ளியிலும் டியூஷனிலும் இருக்கிற நேரம். அதை வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நாலு மணி நேரத்துக்குள் நாற்பது வேலை முளைத்திருக்கும்.

முதல் வாரம், யாருமில்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் துடைத்தேன். இரண்டாவது வாரம் அலமாரியைக் காலிசெய்து துணிகளை மடித்து அடுக்கினேன். ஆறு மணியானதும் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அடிப்பாவி, கிடைத்ததே இவ்வளவுதான், அதிலும் துணி மடிக்கிறாயே!

மூன்றாவது வாரம் செல்போனை அணைத்து உருளைக்கிழங்குக் கூடையில் போட்டேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியில் தவம் கிடந்த கோப்பைகளில் நீலப் பூப்போட்ட ஒன்றை எடுத்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ போட்டேன். வீட்டுக்காரருக்கு இஞ்சி ஆகாது; பதினேழு வருடமாக எனக்கும் ஆகாமல் போயிருந்தது. அகலமான பேசினில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்தேன். என்னை நாள் முழுக்கத் தாங்குகிற கால்கள். அவற்றை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பிறகு பாடினேன். கேட்க ஆளில்லாததால் நன்றாகவே பாடினேன். கடைசியில் ஹால் தரையில் குறுக்காகப் படுத்து, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. எவ்வளவு நன்றாக இருந்தது!

இப்படியே வாரங்கள் போயின. பிறகு வீட்டுக்காரரின் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. பன்னிரண்டு மாடி உயரத்தில் லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்கிற மனுஷன், ஊசி என்றால் நடுங்குவார். கையைப் பிடித்துக்கொள்ள நான் இருப்பேன் என்று நம்பி ஒரு வியாழக்கிழமை நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே பூட்டு. வீட்டுக்கு வந்தால் சாவி சுழல்கிறது, கதவு திறக்கவில்லை. கதவைப் படபடவென்று தட்டினார். ஈரக்காலோடு ஓடிப்போய்த் திறந்தேன். வீங்கிய கன்னத்தோடு நின்றார்.

"ஆஸ்பத்திரி பூட்டியிருக்கு. நீ இங்க இருக்க. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வியாழக்கிழமை மதியம் லீவு. மூணு மாசமாவே."

அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள யாரு இருக்கா?"

"நான்தான்."

"தனியா என்ன பண்ணுவ?"

"டீ குடிப்பேன். கால ஊற வைப்பேன்."

பேசினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "லிஃப்ட்ல அஞ்சு நிமிஷம் தனியா மாட்டிக்கிட்டாலே ஆளுங்க அழுதுடுவாங்க. நீ நாலு மணி நேரம் நீயாவே பூட்டிக்கிறியா?"

"அவங்களால திறக்க முடியாது. என்னால முடியும்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பல் சரியானதும் மனுஷன் பிராயச்சித்தத்தில் இறங்கிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கிறார். ஷிஃப்டை மாற்றி வாங்கிவிட்டாராம். "இனிமே உன்னைத் தனியா விடமாட்டேன்" என்றார். டிவியைப் போட்டார். நீலப் பூக்கோப்பையில் இஞ்சியில்லாத டீயைக் குடித்தபடி, ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் பண்ணுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னார். அடுத்த வாரமும் அதேதான். கோபப்படுகிறவரிடம் சண்டை போடலாம். இவரிடம் என்னவென்று போடுவது? "ம்… ம்" என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தால், என் கை தன்பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம், வீட்டு வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "இன்னைக்கு நீங்க எங்கயாவது வெளிய போயிட்டு வாங்க."

"எங்க?"

"எங்கயாவது. ஆறு மணிக்கு வந்தா போதும்."

"நான் கூட இருக்கறது பிடிக்கலையா?"

தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"உங்களப் பிடிக்கும். இப்பல்லாம் எனக்கு என்னையும் பிடிக்குதுங்க. கொஞ்ச நேரம் என்கூட நான் இருந்துக்கறேனே."

காதைச் சொறிந்தார். படியிறங்கிப் போனார்.

தாழ்ப்பாள் போட்டு, இஞ்சி டீ போட்டேன். குடிக்காமல் மூடி வைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், தெரு முனையில் இடப்பக்கமும் போகாமல் வலப்பக்கமும் போகாமல் நிற்கிறார். எந்த மாடியில் நின்றுபோன லிஃப்டையும் நகர்த்திவிடுகிறவருக்குத் தன்னை எங்கே கூட்டிக்கொண்டு போவதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கை தாழ்ப்பாள்வரை போனது. இன்று கூப்பிட்டால் இனி என்றைக்கும் கூப்பிட்டபடிதான் இருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி ஜன்னலுக்குப் போனபோது தெரு முனையில் அவர் இல்லை.

பேசினில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் தண்ணீரின் சூடு தெரிந்தது. பிறகு கால் தெரிந்தது. வெகுநேரம் கழித்துப் பாட்டும் வந்தது.

இரண்டாவது கோப்பை டீ முடியும் நேரத்தில் காலிங் பெல் அடித்தது. எங்கள் வீட்டு ஆட்கள் அதைத் தொடுவதே இல்லை. யாரோ எதையோ விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவுத் துளையில் கண்ணை வைத்தேன். என் வீட்டுக்காரர். கையில் சாவிக்கொத்து. அதைப் பூட்டில் வைத்தே பார்க்காமல், முதல்முறை வரும் விருந்தாளி மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு ஆகலைன்னா சொல்லு. இன்னொரு சுத்து போயிட்டு வரேன்" என்றார் மூடிய கதவைப் பார்த்து.

"ஆயிடுச்சு. இதோ வரேன், இருங்க."

கோப்பையில் ஒரு வாய் டீ மிச்சம் இருந்தது. நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, அதை நிதானமாகக் குடித்துவிட்டு வந்துதான் தாழ்ப்பாளை நீக்கினேன்.